ஐரோப்பிய வரலாறு: முதலிற் படிக்கத்தக்க நூல் யாது?

ஐரோப்பிய வரலாற்றைப் புதிதாகக் கற்கப் புகும் மாணவன் நூல்நிலையத்தில் அப்பகுதிக்குரிய அடுக்கின் முன் திகைத்து நிற்றல் இயல்பு. கிரேக்கரிலிருந்து தொடங்கும் நூல்கள் சில. உரோமப் பேரரசின் வீழ்ச்சியிலிருந்து தொடங்குவன சில. 1453, 1492, 1648, 1789, 1815 என ஏதேனும் ஓராண்டை வாயிலாகக் கொண்டு தொடங்குவன பல. இவற்றுள் எதனை முதலிற் கையிலெடுப்பது என்று அவனுக்குச் சொல்வார் பெரும்பாலும் இலர். தேர்வு நூற்பட்டியலின் தலையில் நிற்பதனை எடுக்கின்றான். நாற்பதாம் பக்கத்தில் மூடிவைக்கின்றான். பிறகு, முன்னைய ஆண்டு மாணவர் எழுதிவைத்த குறிப்புகளை மனனஞ் செய்யத் தொடங்குகின்றான். தேர்வில் அவன் சித்தியெய்தவுங் கூடும். ஆயினும் வரலாறு அவனுக்கு அந்த நாற்பதாம் பக்கத்திலேயே முடிந்துவிட்டது.

முதலிற் படிக்கும் நூலுக்குத் தனி வலிமை உண்டு. பின்னர்ப் படிக்கும் பத்து நூல்களின் செய்திகளும் அது வரைந்த கோட்டின்மீதே போய் அமர்கின்றன. பிரான்சியப் புரட்சி வோல்டேயரும் ரூசோவும் எழுதிய நூல்களால் விளைந்தது என்று முதல் நூல் கூறியிருப்பின், 1788ஆம் ஆண்டில் விளைச்சல் குன்றியதும், அடுத்த கோடையிற் பாரிஸ் நகரத் தொழிலாளி தன் கூலியிற் பெரும்பகுதியைப் பாணுக்கே செலவிட நேர்ந்ததும் அவனுக்கு எக்காலத்தும் அடிக்குறிப்பாகவே தோன்றும். சுவையற்ற முதல் நூல் மாணவனை வரலாற்றிலிருந்து துரத்துகின்றது. சுவையும் ஒருபக்கச் சாய்வும் சேர்ந்த முதல் நூலோ அவனை உள்ளே அழைத்துச்சென்று ஓர் அறையில் வைத்துப் பூட்டிவிடுகின்றது. இவ்விரண்டில் எது பெருந்தீமை என்பது எளிதில் முடிவு செய்யத்தக்கதன்று.

இங்கு முதல் நூல் என்றது முதலிற் படிக்கும் நூலை. இலக்கண நூலார் கூறும் முதனூலையன்று. பாடநூல் எதுவும் முதனூலாகாது. பிறர் ஆராய்ந்து கண்டவற்றைத் தொகுத்துத் தரும் சார்புநூலே அது. எனினும் நூலுக்கு நன்னூலார் வகுத்த பத்துக் குற்றமும் பத்து அழகும் இதற்கும் பொருந்துவனவே. அவ்வழகுகளுள் ஒன்று நவின்றோர்க்கினிமை. இனிமை வேறு, எளிமை வேறு. சிறிய நூலாயிருத்தலாலோ கதைபோல எழுதப்பட்டிருத்தலாலோ ஒரு வரலாற்று நூல் இனியதாகிவிடாது. ஒரு பக்கத்தில் எழுந்த வினாவுக்கு விடை தேடி வாசகன் தானாகவே அடுத்த பக்கத்துக்குச் செல்வானாயின் அந்நூல் இனியது. வினாவே எழாதபடி செய்திகள் அடுக்கப்பட்டிருப்பின், வண்ணப்படங்கள் எத்துணை இருப்பினும், அது வெற்றெனத் தொடுத்தல் என்னுங் குற்றத்தின்பாற்படும்.

இதற்கு ஓர் எடுத்துக்காட்டுப் போதும். இசுப்பானிய அரசுரிமைப் போரை முடித்துவைத்த 1713ஆம் ஆண்டு யூற்றெக்ட் உடன்படிக்கையைப் பாடநூல்கள் பெரும்பாலும் ஒரு பட்டியலாகவே தருகின்றன. ஐந்தாம் பிலிப்பு இசுப்பானிய மன்னனாக ஏற்கப்பட்டான். கிப்ரால்ற்றரும் மினோர்க்காவும் பிரித்தானியாவைச் சேர்ந்தன. நியூபவுண்ட்லாந்தையும் நோவா ஸ்கோசியாவையும் பிரான்சு விட்டுக்கொடுத்தது. சவோய்க் கோமகன் சிசிலியைப் பெற்றான். 'அசியெந்தோ' பிரித்தானியாவுக்கு வழங்கப்பட்டது. மாணவன் ஐந்தையும் நெட்டுருப் பண்ணுகின்றான். ஐந்தாவதாக வந்தது ஒரு தீவின் பெயர் என எண்ணிக்கொள்வதும் உண்டு. அசியெந்தோ என்பது ஆபிரிக்க மக்களை அடிமைகளாக இசுப்பானிய அமெரிக்காவுக்குக் கொண்டுசென்று விற்கும் தனியுரிமை; முப்பது ஆண்டுக் காலத்துக்கு, ஆண்டொன்றுக்கு 4,800 பேர் என்ற கணக்கில் அது வழங்கப்பட்டது. இந்த ஒரு வாக்கியத்தை நூலாசிரியர் சேர்த்திருப்பாராயின், மன்னர்களின் குடும்ப வழக்காகத் தோன்றிய போர் கடல்வாணிகப் போராக மாறித் தோன்றும். கரும்புத் தோட்டங்களும் அடிமைக் கப்பல்களும் இலண்டன் வணிகரின் கணக்கேடுகளும் கண்முன் வரும். பிரித்தானியாவுக்கு இவ்வுரிமை ஏன் வேண்டியிருந்தது என்ற வினாவும் உடனெழும். பட்டியல் வரலாறாவது அவ்விடத்திலேயே.

பாடநூல்கள் இவ்வாறு உடன்படிக்கைப் பட்டியல்களாய்ப் போனதற்குக் காரணம் இல்லாமலில்லை. 1824இல் தம் முதல் நூலை வெளியிட்ட ஜேர்மானிய அறிஞர் ராங்கே, வரலாற்றாசிரியன் மூல ஆவணங்களையே சான்றாகக் கொள்ளவேண்டும் என்னும் நெறியை நிலைநாட்டினார். அவரும் அவர் வழிவந்தோரும் சென்று தேடிய ஆவணக்களரிகள் அரசாங்கங்களுக்குரியவை. வெனிஸ் நகரத் தூதுவர்கள் தம் அரசுக்கு எழுதியனுப்பிய அறிக்கைகள் போன்றவையே அங்குக் கிடைத்தன. தூதுவர் எழுதிய கடிதங்களைக் கொண்டு எழுதப்படும் வரலாறு தூதுவர் பார்த்த உலகத்தையே காட்டும். குடியானவன் தூதுவனுக்குக் கடிதம் எழுதுவதில்லை. நெறி நன்று, ஆயினும் அதன் விளைவாக, நூற்றாண்டொன்றின் பாடநூல்கள் அரண்மனைக்கும் போர்க்களத்துக்கும் மாநாட்டு மண்டபத்துக்கும் இடையிலேயே உலாவின.

கிராண்ட், ரெம்பர்லி என்னும் இருவர் எழுதி 1927இல் வெளிவந்த பத்தொன்பதாம் நூற்றாண்டு ஐரோப்பிய வரலாறு இம்மரபின் நல்விளைவு. பல பதிப்புகளாக வளர்ந்து நெடுங்காலம் வகுப்பறைகளில் ஆட்சி செய்த நூல் அது. கிழக்குப் பிரச்சினையையும் பெர்லின் மாநாட்டையும் அதிலுள்ளவாறு தெளிவாக உரைத்த பாடநூல்கள் சிலவே. ஆயினும், முன்னரே ஓரளவு அறிந்தவனுக்கு நல்ல துணையாகும் அந்நூல், ஒன்றும் அறியாதவனுக்கு முதல் நூலாகாது. ஆளில்லா மேடையில் அரசுகளே வந்து பேசிச் செல்கின்றன என்ற உணர்வு அதனைப் படிப்போனுக்கு ஏற்படுவதைத் தவிர்த்தல் அரிது.

இதற்கு நேர்மாறான நூலொன்று சிறைவாசத்திற் பிறந்தது. பெல்ஜியத்தின் கெண்ட் பல்கலைக்கழகத்தில் வரலாற்றுப் பேராசிரியராயிருந்தவர் ஹென்றி பிரேன். 1914இல் ஜேர்மானியப் படை பெல்ஜியத்தைக் கைப்பற்றியது. அவ்வாண்டிலேயே அவர் புதல்வருள் ஒருவர் போரில் இறந்தார். மூடிக்கிடந்த பல்கலைக்கழகத்தைத் தம் ஆட்சியின் கீழ்த் திறக்க ஜேர்மானியர் விரும்பியபோது பிரேனும் அவருடன் பணியாற்றிய பிரெடெரிக்கும் உடன்பட மறுத்தனர். 1916ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் இருவரும் கைதாகி ஜேர்மனிக்கு அனுப்பப்பட்டனர். ஹோல்ஸ்மிண்டென் முகாமில் அடைபட்டிருந்த உருசிய மாணவர்களுக்குப் பிரேன் பொருளியல் வரலாறு கற்பித்தார். தாமும் உருசிய மொழி கற்றுக்கொண்டார். பின்னர்க் குரொய்ட்ஸ்பேர்க் என்னும் சிற்றூரிற் காவலில் வைக்கப்பட்டபோது, உரோமப் பேரரசின் இறுதியிலிருந்து தொடங்கி ஐரோப்பாவின் வரலாற்றை எழுதலானார். நூல்நிலையம் இல்லை, குறிப்பேடுகள் இல்லை, நினைவொன்றே துணை. தம் காலம்வரை எழுதிச்செல்ல எண்ணியிருந்தார். 1918 நவம்பரிற் போர் ஓய்ந்து விடுதலை கிடைத்தபோது கை பதினாறாம் நூற்றாண்டின் நடுவில் நின்றது. பிறகு அதனை அவர் தொடரவில்லை. 1935இல் அவர் இறந்தபின் மகன் ஜாக் பிரேன் கையெழுத்துப் படியை ஒழுங்குசெய்து அடுத்த ஆண்டில் வெளியிட்டார். தந்தையார் நினைவுக்கு வராது விட்டிருந்த ஆண்டுகளைச் சேர்த்தது அவர் செய்த பணிகளுள் ஒன்று.

நூல்கள் இல்லாமை அந்நூலுக்கு ஊறு விளைத்ததா? சில இடங்களில் விளைத்தது. பெரும்பாலும் நன்மையே செய்தது எனல் வேண்டும். முப்பதாண்டு ஆராய்ச்சிக்குப் பின்னும் மனத்தில் எது தங்கியிருந்ததோ அதுவே தாளில் இறங்கிற்று. போர்களும் பட்டத்துரிமைகளும் குறைந்தன. நிலமும் வாணிகமும் நகரமும் திருச்சபையும் மேலோங்கின. மேற்கைரோப்பாவில் நகரங்கள் மீண்டும் எழுந்த பகுதியை எடுத்துப் பார்க்கலாம். அலைந்து திரியும் வணிகர் கோட்டை மதிலின் அருகே தங்குகின்றனர், தங்குமிடம் பண்டகசாலையாகின்றது, பண்டகசாலையைச் சுற்றி இன்னொரு மதில் எழுகின்றது, நிலப்பிரபுவின் சட்டம் தம் தொழிலுக்கு ஒவ்வாமையால் வணிகர் தமக்கென ஒரு சட்டமும் தம் தலைவரும் வேண்டுமென்கின்றனர். இப்படி ஒன்றிலிருந்து ஒன்று பிறப்பதைக் காணும் வாசகன் ஆண்டுகளை மனனஞ் செய்யவேண்டியதில்லை. முறை தெரிந்தபின் ஆண்டு தானே நினைவில் நிற்கும்.

பகைநாட்டார் காவலில் இருந்தபடி எழுதிய நூலில் ஜேர்மானியர்மீது வசைமொழி மலிந்திருக்கும் என எதிர்பார்ப்போர் ஏமாறுவர். இனம் என்பது வரலாற்றை விளக்கும் என்ற கொள்கையை அவர் ஏற்கவில்லை. அதனை மறுப்பதற்குத் தேவையான அளவுக்கு மேல் ஒரு சொல்லும் அவர் பேசவில்லை. ஐரோப்பாவை ஒரு நாட்டின் மதிலுக்குள்ளிருந்து பார்த்தலாகாது என்பது அச்சிறையில் அவருக்கு உறுதிப்பட்டதெனத் தோன்றுகின்றது.

பிரேன் கூறியவை யாவும் இன்றும் ஏற்கப்படுவன அல்ல. பண்டை உலகம் ஜேர்மானியக் குடிகளின் படையெடுப்பால் முடியவில்லை. ஏழாம் எட்டாம் நூற்றாண்டுகளில் இசுலாமியர் மத்தியதரைக் கடலை ஆளத் தொடங்கியபோதே முடிந்தது என்பது அவரது புகழ்பெற்ற கொள்கை. அக்கடலின் வாணிகம் அதற்கு முன்னரே மெலிந்துவிட்டது எனப் பிற்காலத் தொல்லியலாளர் அகழாய்வுகளைக் கொண்டு காட்டினர். நகரத்தின் தோற்றத்தில் வணிகருக்கு அவர் கொடுத்த இடம் மிகையென்பாரும் உளர். இருந்தும், மறுக்கத்தக்க வகையிற் தெளிவாக எழுதுதல் முதல் நூலுக்கு வேண்டிய பண்பு. ஒன்றும் சாதிக்காத நூலை மறுக்கவும் முடியாது, நினைவில் வைத்திருக்கவும் முடியாது.

இந்நூலோடு அருகே வைக்கத்தக்கது, 1924இல் ஐலீன் பவர் அம்மையார் வெளியிட்ட இடைக்கால மக்கள் பற்றிய சிறுநூல். அதன் முதற்கட்டுரைகளுள் ஒன்று போடோ என்னும் குடியானவனைப் பற்றியது. சார்லமேன் காலத்துப் பாரிசின் அண்மையில் இருந்த மடாலயமொன்றின் தலைவர் இர்மினோன், மடத்து நிலங்களையும் குடிகளையும் அவர்கள் செலுத்தவேண்டிய இறைகளையும் எழுதுவித்த ஏடு அழியாது எஞ்சியது. அவ்வேட்டில் ஒரு பெயராக இருந்தவனை எடுத்து, அவன் ஒரு நாளை எவ்வாறு கழித்திருப்பான் என அம்மையார் காட்டினார். ராங்கேயின் நெறியில் நின்றே அரண்மனையை விட்டு வெளியேறலாம் என்பதற்கு இது சான்று.

இனி, ஆங்கிலம் பயின்ற ஒரு தலைமுறைக்கு ஐரோப்பிய வரலாறு என்றாலே நினைவுக்கு வந்த நூல் ஒன்றுண்டு. எச். ஏ. எல். பிஷர் 1935இல் மூன்று பாகமாக வெளியிட்ட நூல் அது. பிஷர் ஒக்ஸ்போட் நியூ கல்லூரியின் தலைவர். அதற்குமுன் லொயிட் ஜோர்ஜின் அமைச்சரவையிற் கல்வியமைச்சராயிருந்து 1918ஆம் ஆண்டுக் கல்விச் சட்டத்தைக் கொண்டுவந்தவர். அரசாங்கம் உள்ளிருந்து எவ்வாறு தோன்றும் என்பதை அறிந்தவர் எழுதிய நூலாதலால் அமைச்சர், மன்னர், படைத்தலைவர் ஆகியோரின் குணச்சித்திரங்கள் உயிரோடு நிற்கின்றன. வாக்கியங்கள் வாய்விட்டு வாசிக்கத்தக்கவை. நவின்றோர்க்கினிமை என்ற ஒன்றையே அளவுகோலாகக் கொண்டால் முதற்பரிசு இதற்கே போகும்.

முகவுரையில் அவர் கூறியதொன்று பலராலும் எடுத்துப் பேசப்பட்டது. வரலாற்றில் ஒரு திட்டமோ தாளமோ அமைந்திருப்பதாகப் பிறர் கண்டனர். தமக்கு அது புலப்படவில்லை. எதிர்பாராதவற்றின் விளையாட்டே தமக்குத் தெரிகின்றது என்பது அதன் கருத்து. அடக்கமான கூற்று. ஆனால் மூன்றாம் பாகத்துக்கு அவர் சூட்டிய பெயரோ தாராண்மைச் சோதனை என்பது. திட்டமில்லை என்றவர் திட்டமொன்றைத் தலைப்பிலேயே எழுதிவிட்டார். பாராளுமன்றம், தனிமனித உரிமை, தடையற்ற வாணிகம் என்பன வளர்தலே ஐரோப்பாவின் கதை. 1933இல் ஹிட்லர் ஆட்சிக்கு வந்தது அக்கதைக்கு நேர்ந்த இடையூறு. இந்தப் பார்வையைக் குற்றமெனத் தள்ளிவிடுதல் பொருந்தாது. ஒளிவுமறைவின்றி அது நூலெங்கும் கிடத்தலால் ஆசிரியர் அதனைச் சுட்டிக்காட்டுதல் எளிது. இதனினும் இடர் தருவது வேறொன்று. ஐரோப்பியர் கிரேக்கரின் பிள்ளைகள் என்ற பெருமிதத்தோடு நூல் தொடங்குகின்றது. அந்தப் பெருமிதத்தின் எல்லைக்கு அப்பாலுள்ள மக்கள் படையெடுப்போராகவோ ஆளப்படுவோராகவோ மட்டுமே உள்ளே வருகின்றனர். கீழைநாட்டு மாணவன் இந்நூலின் இனிய நடையில் மயங்கித் தன்னையும் அக்கண்ணாலேயே பார்க்கக் கற்றுக்கொள்வான். ஆதலின் பிஷரை இரண்டாவதாகவோ மூன்றாவதாகவோ படித்தல் தகும். முதலிற் படித்தல் ஆகாது.

நூலின் சாய்வைச் சோதிக்க எளிய வழி, அது 1914ஆம் ஆண்டைப் பற்றி என்ன சொல்கின்றது எனத் திறந்து பார்த்தல். 1870-71 தோல்விக்குப் பின் பிரான்சியச் சிறுவர் ஏர்னெஸ்ட் லவிஸ் எழுதிய பாடநூலைக் கொண்டு தம் நாட்டு வரலாற்றைக் கற்றனர்; இழந்த அல்சாஸ்-லொரேனை மறவாதிருத்தலும் நாட்டுக்காகப் போர்புரிதலும் கடமையென அவர்களுக்குக் கற்பிக்கப்பட்டது. இரைன் ஆற்றின் மறுகரையிற் சிறுவர் மற்றொரு நூலிலிருந்து அதற்கெதிரான பாடத்தைக் கற்றனர். அச்சிறுவர்களே வளர்ந்து வேர்டனிற் சந்தித்தனர். 1919 வேர்சேய் உடன்படிக்கையின் 231ஆம் பிரிவு போரின் பொறுப்பை ஜேர்மனிமீதும் அதன் துணைநாடுகள்மீதும் சுமத்தியது. அதன்பின் எழுந்த பாடநூல்கள் அப்பிரிவை வழிமொழிந்தும் மறுத்தும் இரு கட்சியாயின. இரண்டாம் உலகப் போரின் பின்னர், 1951இல், பிரான்சிய வரலாற்றாசிரியர் ரெனுவேனும் ஜேர்மானியர் ரிட்டரும் முன்னின்ற குழுவினர் கூடி, எந்த அரசும் எந்த மக்களும் 1914இல் ஐரோப்பியப் போரை வேண்டுமென்றே விரும்பியதாகக் கூற ஆவணங்கள் இடந்தரவில்லை என உடன்பட்டனர். பாடநூலாசிரியர் பலருக்கு இது பெரிய ஆறுதலாயிற்று.

ஆறுதல் பத்தாண்டே நீடித்தது. 1961இற் பிரிட்ஸ் பிஷர் என்னும் ஹம்பேர்க் பேராசிரியர், போர் தொடங்கி ஒரு மாதம் கழிந்த அளவில் ஜேர்மானியப் பிரதமர் பெத்மன் ஹொல்வெக்கின் அலுவலகத்தில் உருவான போர்நோக்கத் திட்டத்தை வெளிக்கொணர்ந்து, பொறுப்பின் பெரும்பங்கு ஜேர்மனிக்கே உரியது என வாதிட்டார். (முன்னர்க் கூறிய ஆங்கிலப் பிஷரோடு இவரை மயக்கி விடை எழுதுதல் மாணவர்க்கு எளிதிற் கைகூடும் பிழை.) 2012இற் கிறிஸ்தோபர் கிளார்க் எழுதிய நூல் பொறுப்பை மீண்டும் பல தலைநகரங்களுக்குப் பங்கிட்டது. ஆகவே 1914 பற்றிய பகுதியில் ஒரு பாடநூல் எதைக் கூறுகின்றது என்பதினும், அப்பதிப்பு எந்த ஆண்டில் எழுதப்பட்டது என்பது முதலிற் பார்க்கத்தக்கது. 1955ஆம் ஆண்டுப் பதிப்பை 2000ஆம் ஆண்டில் மறுஅச்சிட்டால் அது 1955ஆம் ஆண்டு நூலே.

பிரான்சும் ஜேர்மனியும் தம் மாணவர்க்கு ஒரே பாடநூலை அமைக்க முன்வந்தமை இந்நெடிய வழக்கின் வியத்தகு முடிவு. 2003இற் பெர்லினிற் கூடிய இருநாட்டு இளைஞர் மன்றத்தில் அவ்வெண்ணம் எழுந்தது. 2006, 2008, 2011 ஆகிய ஆண்டுகளில் இருமொழியிலும் ஒரே உள்ளடக்கத்தோடு மூன்று பாகங்கள் வெளிவந்தன.

தன் பிழையைத் தானே ஒப்புக்கொண்ட பாடநூல் அரிது. அத்தகையது ஒன்றை ஏர்ன்ஸ்ட் கொம்பிரிச் எழுதினார். வியன்னாவிற் கலாநிதிப் பட்டம் பெற்று வேலையின்றி இருந்த இளைஞரிடம், சிறுவர்க்கான ஆங்கில வரலாற்று நூலொன்றை ஜேர்மன் மொழியில் பெயர்க்குமாறு பதிப்பாளர் ஒருவர் கேட்டார். அந்நூல் நன்றாயில்லை, இதனினும் நன்றாக நானே எழுதுவேன் என்றார் கொம்பிரிச். ஆறு வாரத்தில் எழுதியும் முடித்தார். 1935இல் உலகவரலாறாக வெளிவந்த அந்நூலின் பெரும்பகுதி ஐரோப்பாவின் கதையே. போரை வெறுக்கும் நூல் என்று நாசியர் பின்னர் அதனைத் தடைசெய்தனர். ஐம்பதாண்டு கழித்து, 1985இல், புதிய இறுதி அத்தியாயமொன்றைச் சேர்த்தபோது, முதல் உலகப் போரின் முடிவில் ஜேர்மானியர் வில்சனின் வாக்குறுதியால் ஏமாற்றப்பட்டனர் எனத் தாம் இளமையில் எழுதியது சரியன்று என அவர் அதிலேயே திருத்தினார். ஆங்கிலப் பதிப்பு அவர் மறைந்து நான்காண்டின் பின், 2005இல் வந்தது. பதினான்கு வயதுச் சிறுவன் ஒரு விடுமுறைக்குள் முடிக்கத்தக்க நூல். முன்பின் மாறாத கால ஒழுங்கு ஒன்று அவன் மனத்தில் அமைந்துவிடும். முதல் நூல் செய்யவேண்டிய வேலையிற் பாதி அதுவே.

இலங்கை மாணவனுக்கு இன்னொரு சோதனையும் உண்டு. 1795 சனவரியிற் பிரான்சியப் புரட்சிப் படை ஒல்லாந்தினுட் புகுந்தது. அந்நாட்டுத் தலைவன் ஐந்தாம் வில்லியம் இங்கிலாந்துக்கு ஓடி, கியூ அரண்மனையிலிருந்து குடியேற்றநாட்டு ஆளுநர்களுக்கு, ஆங்கிலப் படையை ஏற்றுக்கொள்ளுமாறு கடிதம் எழுதினான். ஆகஸ்டிற் திருகோணமலையும் செப்டெம்பரில் யாழ்ப்பாணமும், 1796 பெப்ரவரியிற் கொழும்பும் ஆங்கிலேயர் கைக்கு வந்தன. 1802 ஆமியன் உடன்படிக்கை அதனை உறுதிப்படுத்திற்று. யாழ்ப்பாணக் கோட்டையிற் கொடி மாறியது பாரிசில் 1789இல் தொடங்கிய நிகழ்ச்சியின் ஒரு கிளை. பாடநூல்களில் இது பெரும்பாலும் திரினிடாட்டும் இலங்கையும் தவிர ஏனையவை திருப்பிக் கொடுக்கப்பட்டன என்னும் ஒரு வரியில் முடியும். அந்த ஒரு வரியைக் குறைகூற வேண்டியதில்லை. ஐரோப்பிய வரலாற்றில் அதற்கு அவ்வளவே இடம். ஆயினும் ஒல்லாந்தின் வீழ்ச்சி ஏன் இந்து சமுத்திரத்திற் போராக வெடித்தது என்பதை விளங்கவைக்கும் நூல் எது, வெறுமனே பட்டியலில் சேர்க்கும் நூல் எது எனப் பிரித்தறிய அவ்விடம் உதவும்.

தாய்மொழிக் கல்வி மேல்வகுப்புகளுக்கு விரிந்தபோது, இலங்கையில் அரசகரும மொழித் திணைக்களம் ஆங்கிலப் பாடநூல்கள் பலவற்றைத் தமிழிற் பெயர்த்து வெளியிட்டது. ஒரு தலைமுறை மாணவர் அப்பணியால் வாழ்ந்தனர். மொழிபெயர்ப்புக்கு இயல்பான குறையொன்றுண்டு: மூலநூல் பதிப்புக்குப் பதிப்புத் திருந்தும், மொழிபெயர்ப்போ பெயர்க்கப்பட்ட நாளிலேயே நின்றுவிடும். பெயர்களைத் தமிழொலிக்கு இயைய முற்றும் மாற்றி எழுதியதால் நேர்ந்த இடரும் உண்டு; தமிழ் நூலில் ஒருவாறும் ஆங்கில நூலில் வேறொருவாறும் வரும் ஓரரசனை இருவராக எண்ணிக்கொண்ட மாணவரைக் காணாத ஆசிரியர் இரார்.

எஞ்சியவற்றைச் சுருங்கக் கூறலாம். 1957இல் வந்த டேவிட் தொம்சனின் நெப்போலியனுக்குப் பிற்பட்ட ஐரோப்பா பற்றிய நூல், தனித்தனி நாடுகளை விட்டு ஐரோப்பா முழுவதற்கும் பொதுவான போக்குகளை ஆராய்கின்றது. நாடுகளை முன்னரே அறிந்தவனுக்கு அது விருந்து, அறியாதவனுக்கு மயங்க வைத்தல். 1962இல் வந்த ஹொப்ஸ்போமின் புரட்சிக் காலம் பற்றிய நூலும் அத்தகையதே. இங்கிலாந்தின் கைத்தொழிற் புரட்சியையும் பிரான்சின் அரசியற் புரட்சியையும் ஒரே நிகழ்ச்சியின் இருமுகமாகக் காட்டும் அதன் ஆற்றல், இரண்டையும் தனித்தனியே கற்றவனுக்கே முழுதும் புலப்படும். 1996இல் வந்த நோர்மன் டேவிஸின் நூல் போலந்தையும் கிழக்கு ஐரோப்பாவையும் ஓரத்திலிருந்து நடுவுக்குக் கொணர்ந்தது; அதன் பொருட்டு அது போற்றத்தக்கது. ஆனால் ஆயிரத்து முந்நூறு பக்கங்களுக்கு மேற்பட்ட நூலை முதல் நூலென்று மாணவன் கையில் வைத்தல் இரக்கமற்ற செயல்; முதற் பதிப்பிற் பிழைகளும் பல இருந்தன.

அடிப்படை நூலாகக் கொள்ளத்தக்கது, பிரின்ஸ்ரன் பல்கலைக்கழகத்து ஆர். ஆர். பாமர் 1950இல் வெளியிட்ட நவீன உலக வரலாறு. 1956இன் இரண்டாம் பதிப்பிலிருந்து ஜோயல் கொல்டனும், பிற்காலப் பதிப்புகளில் லொயிட் கிராமரும் அவரோடு சேர்ந்து அதனைக் காலத்துக்கேற்பத் திருத்தினர். பெயர் உலகவரலாறாயினும் உள்ளுடல் ஐரோப்பாவே. பாமர் பிரான்சியப் புரட்சியை ஆழமாக ஆராய்ந்தவர். ஆனால் ஆராய்ச்சியாளனுக்கு எழுதுவது போல் மாணவனுக்கு எழுதவில்லை. ஒரு கலைச்சொல் முதலில் வருமிடத்தில் நின்று அதனை விளக்கிவிட்டே அப்பாற் செல்கின்றார். முடியாட்சியின் வலிமை யாது எனக் கேட்டால், வரி வாங்கும் வழியையும் படைக்கு ஆள் சேர்க்கும் வழியையும் காட்டுகின்றார். கிழக்கு ஐரோப்பாவிற் குடியானவர் நிலத்தோடு பிணைக்கப்பட்ட காலத்திலேயே மேற்கில் அப்பிணைப்புத் தளர்ந்தது ஏன் என்ற வினா அவர் நூலின் வழியே நெடுகச் செல்கின்றது. நடை பிஷரின் நடைக்கு நிகராகாது. ஆயினும் எங்கும் தடுக்கி விழச் செய்யாது.

அதன் குறை தொடக்கத்தில் உள்ளது. பண்டைக்காலமும் இடைக்காலமும் ஓர் அத்தியாயத்தில் முடிந்துவிடுகின்றன. அவ்விடத்தை நிரப்பப் பிரேனின் நூலும் போடோவைப் பற்றிய கட்டுரையும் போதும். ஆகவே கொம்பிரிச் ஒரு விடுமுறைக்கு. பிரேன் ஒரு தவணைக்கு. அதன்பின் ஆண்டு முழுவதும் பாமர், கிடைக்கும் பதிப்புகளுட் பிந்தியது. தலைப்புப் பக்கத்தின் பின்புறத்திலுள்ள பதிப்பாண்டைப் பார்த்து, பிறகு 1713, 1802, 1914 ஆகிய மூன்று இடங்களையும் திறந்து நோக்கின், நூல்நிலையத்தில் ஏற்கெனவே உள்ள வேறெந்த நூலையும் அரைமணி நேரத்தில் மதிப்பிடலாம். படிக்கத் தொடங்குமுன் பெரிய தேசப்படமொன்றை மேசைமீது விரித்து, இரைன், தன்யூப், விஸ்துலா என்னும் மூன்று ஆறுகளையும் விரலால் தொடர்ந்து கடல்வரை சென்று பார்த்தல் நன்று. போலந்து மூன்று முறை பங்கிடப்பட்டமையும் நெப்போலியன் வியன்னாவுக்கு நடந்த வழியும் அதன்பின் வேறு விளக்கம் வேண்டா.